திரைக்குள் வந்த பிள்ளையார்

உலாவியில் எதைத் திறந்தாலும், 'இந்த இணைப்பு நிரலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இலவசம்' என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. நான் உடனே மூடிவிடுவேன். "ஏன்மா இவ்வளவு பயம்?" என்று மகள் சிரிக்கிறாள். பயமெல்லாம் இல்லை. ஒரு தடவை பிள்ளையாரையே உள்ளே விட்டுவிட்டு நான் பட்ட பாடு அவளுக்குத் தெரியாது.

எண்பதுகளின் கடைசி. ஈப்போவில் ஓர் அச்சகத்தில் தட்டச்சு வேலை. முதலாளியை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். நாலு பேர் சொன்னார்கள் என்று ஒரு கணினியை வாங்கிவிட்டு, அதை வீட்டுக்கு வந்த மருமகனைப் போல மரியாதையும் சந்தேகமுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தீவாளி வரைக்கும் பாப்பேன்மா. சரிவரலன்னா மெஷின வித்துருவேன்லா."

மெஷின் போனால் நானும் போவேன். ஆயர் தாவார் பக்கத் தோட்டத்தில், முதுகில் பம்பு மாட்டிக்கொண்டு அம்மாவோடு மருந்தடிக்கப் போக வேண்டியதுதான். அந்த மருந்து நாற்றம் அம்மாவின் சேலையைவிட்டு எந்த நாளும் போனதில்லை. எனக்கு அது வேண்டாம். அதனால் கணினியை என் உயிராகப் பார்த்துக்கொண்டேன்.

ஜெலாப்பாங் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த அத்தை மகன் ஒரு நாள் கையில் டிஸ்கெட்டோடு வந்தான். அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"இத போட்டுப் பாரு. கம்ப்யூட்டர தொறந்தா மொதல்ல புள்ளையார் வருவாரு, மணி அடிக்கும். சும்மா குடுக்குறேன்லா!"

"எங்க புடிச்ச?"

"கூட்டாளி குடுத்தான். அவனுக்கு யாரு குடுத்தான்னு அவனுக்கே தெரியாது."

எந்தத் தாளில் எழுதினாலும் முதலில் பிள்ளையார் சுழி போட்டுப் பழகிய கை என்னுடையது. கணினியில் அதைப் போட வழியில்லையே என்று எனக்கு ஒரு குறை. போடுவோமா என்று பாயைக் கேட்டேன். "சாமிதானே, போடு" என்றார். நட்சத்திரக் குறிகளும் கோடுகளுமாகத் திரையில் பிள்ளையார் வந்து உட்கார்ந்தார். தும்பிக்கை கொஞ்சம் கோணல். டிங் டிங் என்று மணியும் அடித்தது. பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. வந்த வாடிக்கையாளர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். சிலர் பிரதி எடுத்துக்கொண்டும் போனார்கள். சாமியைக் கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்று சொல்ல முடியுமா?

தீபாவளிக்குச் சில நாள் இருக்கும்போது, பாரிட் புந்தார் அரிசி ஆலை ஒன்றின் ஆண்டறிக்கை எங்களிடம் வந்தது. அவ்வளவு பெரிய வேலை அதற்கு முன் வந்ததில்லை. கொடுக்க வேண்டிய நாள் அன்று, சாயங்காலம் ஆலையிலிருந்து ஆள் வந்துவிடுவார். காலையில் தட்டிக்கொண்டிருக்கும்போது மேல் வரியிலிருந்து ஓர் எழுத்து கழன்று பொத்தென்று கீழே விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு ரப்பர் மரம் இலை உதிர்க்கும் மாதம் போல வரி வரியாகக் கொட்டித் திரையின் அடியில் குவிந்தது. கத்திப் பாயைக் கூப்பிட்டேன்.

கணினி விற்ற கடையிலிருந்து ஒரு சீன இளைஞர் ஓடி வந்தார். நோண்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிள்ளையாரோடு ஒரு வைரஸும் ஒளிந்து வந்திருக்கிறது, மற்ற நிரல்களிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மூல டிஸ்கெட்டுகளிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும் என்றார். அத்தை மகனை மனதுக்குள் நாலு வார்த்தை திட்டினேன். அவற்றை இங்கே எழுத முடியாது.

அழிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டு, கடைசி விசையை மட்டும் அழுத்தாமல் இளைஞர் கையை எடுத்துக்கொண்டார். "டேவா புஞ்ஞா, சாயா தாக் பெரானி." சாமி சமாச்சாரம், எனக்குத் துணிச்சல் இல்லை என்று மலாயில் சொல்கிறார்!

"நீங்க அமுத்துங்க பாய்" என்றேன்.

"நல்லா இருக்கே! நான் புள்ளையார அழிச்சேன்னு தெரிஞ்சா ஊரு என்னம்மா பேசும்? நீ அமுத்து."

எனக்கு மட்டும் கை வருமா? அழித்துவிட்டு எந்த முகத்தோடு வீட்டில் விளக்கேற்றுவது? ஒரே ஒரு விசை. அதைச் சுற்றி மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

பாய்தான் தொண்டையைக் கனைத்தார். "ஏம்மா, உங்க கோயில பிரிச்சுக் கட்டும்போது சாமிய எங்க வைப்பாங்க?"

"பாலாலயம் பண்ணுவாங்க பாய். சாமிய ஒரு கும்பத்துக்கோ படத்துக்கோ மாத்திட்டுத்தான் கோயில்ல கை வைப்பாங்க."

சொல்லி முடிப்பதற்குள் எங்கள் இருவருக்கும் வழி விளங்கிவிட்டது. நாங்கள் அச்சடித்த காலண்டரிலிருந்து பிள்ளையார் படத்தை வெட்டி, அட்டையில் ஒட்டி, கணினித் திரையின் தலைமேல் நிறுத்தினேன். "கொஞ்சம் எறங்கி இங்க வந்து உக்காரு சாமி" என்று வேண்டிக்கொண்டு சூடத்தை எடுத்தேன்.

"பேப்பர் கடைம்மா! பூ போதும்லா!" என்று அலறினார் பாய். பின்கட்டுக்கு ஓடிப்போய் ஒரு செம்பருத்தியைப் பறித்து வந்ததும் அவர்தான். பூவை வைத்தேன், விசையை அழுத்தினேன்.

மறுபடி எல்லாம் ஏற்றியதும் பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறிக்கையை வரி வரியாக வாசித்தார், நான் தட்டினேன். இரண்டு பேருமே சாப்பிடவில்லை. எழுத்துகள் வைத்த இடத்தில் ஒழுங்காக நின்றன. ஆலைக்காரர் உள்ளே வந்தபோது கடைசித் தாள் அச்சாகிக்கொண்டிருந்தது.

மெஷினை வைத்துக்கொள்வதா விற்பதா என்று பாய் அதன்பின்னும் சொல்லவில்லை. தீபாவளி நெருங்க நெருங்க எனக்கு, மெஷினை யாரிடம் விலை பேசியிருக்கிறாரோ என்றே நினைப்பு.

தீபாவளிக்கு முந்தின நாள் அத்தை மகன் மறுபடி வந்தான், கையில் இன்னொரு டிஸ்கெட். "இந்த வாட்டி முருகன்! மயிலு தோகைய விரிக்கும் பாரு!"

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் எழுந்துபோய் வாசலை மறித்துக்கொண்டார்.

"நீ உள்ள வா தம்பி, டீ குடி. முருகன் அங்கயே நிக்கட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "தீவாளி முடிஞ்சதும் சீக்கிரம் வந்துரும்மா. இனிமே இந்த மெஷினுக்குள்ள என்ன போகலாம், என்ன போகக்கூடாதுன்னு நீதான் சொல்லணும். என்னைக் கேக்காத."

"சரி பாய்" என்றேன். அத்தை மகன் பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் கிண்டல் பண்ணுவான் என்று, திரைமேல் இருந்த பிள்ளையாருக்குப் பூ மாற்றுவதுபோல் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.