சார் வாக்கிங் போன பிறகு

எங்கள் குடியிருப்பில் எதிர்வீட்டு அக்காவை யாரும் பெரிதாகக் கவனித்ததில்லை. எல்லாருக்கும் தெரிந்தது அவருடைய கணவரைத்தான். இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்தவர் என்பது பழைய கதை. ரிப்பேர் சார் என்றால்தான் வாட்ச்மேனுக்கே தெரியும். அவரோடு லிஃப்டில் ஏறினால் போச்சு, இறங்குவதற்குள் யோசனை சொல்லிவிடுவார். சுவரில் ஈரமா? பெயிண்ட் அடிக்காதீங்க, தண்ணி எங்கேருந்து வருதுன்னு முதல்ல பாருங்க. கதவு இடிக்கிறதா? இழைக்காதீங்க, கீலை முடுக்கிப் பாருங்க. கேட்டவருக்கும் சொல்வார், கேட்காதவருக்கும் சொல்வார். யோசனையில் தப்பு இருக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். கையில்தான் தப்பு.

அவர் கை வைத்தது எதுவும் உருப்பட்டதில்லை என்பது அவருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவர் அக்கா. அதற்குத் துணை போனவள் நான்.

நான் வீட்டிலேயே திரைச்சீலையும் சோபா உறையும் தைத்துக் கொடுக்கிறவள். பகல் முழுக்க வீட்டில்தான் இருப்பேன், காற்றுக்காக வாசல் கதவைத் திறந்தே வைத்திருப்பேன். அதனால்தான் இந்த வம்பு என் தலையில் விழுந்தது.

ஆரம்பத்தை அக்காதான் ஒருநாள் சொன்னார். ஆபீஸில் சாருடைய பிரிவையே மூடிவிட்டு, வயது இருக்கும்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவர் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்தார். மாதக்கணக்கில் அங்கேயேதான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கேட்டால் தலையை ஆட்டுவார், பேச்சு கிடையாது. அக்கா தனியாகப் பேசிப் பேசி அலுத்துப்போனார். அப்போது சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. ஒருநாள் சாயங்காலம் சார் தானாகவே எழுந்து போய் ஒரு ஸ்பானர் வாங்கிக்கொண்டு வந்தார். கழற்றினார், குழாய் மரையில் டேப் சுற்றினார், மாட்டினார். அன்று ராத்திரி இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குழாய் எப்படி வேலை செய்கிறது என்று அக்காவுக்குப் பாடமே எடுத்தார். அக்காவுக்குக் குழாயைப் பற்றி ஒன்றும் புரியவில்லை. அவர் பேசுகிறார் என்பது மட்டும் புரிந்தது.

மறுநாள் காலை சார் வாக்கிங் போன நேரத்தில் குழாய் பிய்த்துக்கொண்டு அடித்தது. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடி வந்து என்னைக் கூப்பிட்டார். எனக்குத் தெரிந்த பிளம்பரை வரவழைத்தேன். சார் திரும்புவதற்குள் வேலை முடிந்து, தரையும் துடைத்தாகிவிட்டது. சார் வந்தார். குழாயைத் திறந்தார், மூடினார், ஒரு சொட்டு இல்லை.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேங்க. அருமையா இருக்கு" என்றார் அக்கா.

அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டவர்தான், பிறகு வெளியே வரவே முடியவில்லை.

அதற்கப்புறம் சார் எதைத் தொட்டாலும், மறுநாள் அவர் வாக்கிங் போன பிறகு அதைச் சரிசெய்ய ஆள் வருவார். அதுவரை ஆள் என் வீட்டில் காத்திருப்பார். நான் டீ போட்டுக் கொடுக்க வேண்டும். என் வேலை கெடும். அக்காவிடம் எரிந்து விழுவேன். "இதுதான் கடைசி தடவைம்மா" என்பார் அக்கா. எத்தனையோ கடைசி தடவை பார்த்துவிட்டேன்.

பிளம்பருக்குத்தான் பெரிய மனக்குறை. வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டால் சாருக்குச் சந்தேகம் வரும் என்று, அவர் சுற்றியது போலவே வெளியே டேப்பைக் கொஞ்சம் தொங்கவிடச் சொல்வார் அக்கா.

"இப்படி விட்டா என் பேர் கெட்டுடும்க்கா."

"இதுல உன் பேரே இல்லையேப்பா, எப்படிக் கெடும்?"

ஒருநாள் படிக்கட்டில் சார் அந்தப் பிளம்பரைப் பிடித்துக்கொண்டார். வேறு வீட்டு வேலைக்கு வந்தவர், பையும் கையுமாக நின்றார். "தம்பி, டேப்பை மரை போற பக்கமா சுத்தணும். எதிர்ப்பக்கம் சுத்தினா மாட்டும்போது பிரிஞ்சுடும். எங்க வீட்டுக் குழாயை வந்து பாரு, ஒரு சொட்டு ஒழுகுதா?" வாசலில் நின்ற என்னைப் பிளம்பர் பார்த்தார். நான் துணி உதறுவது போலத் திரும்பிக்கொண்டேன். "கத்துக்கறேன் சார்" என்றார் அவர். அன்றைக்கு அவருக்கு இரண்டு டீ போட்டுக் கொடுத்தேன்.

இப்படியே ஓட்டியதில் அக்காவுக்கு ஆட்களை எடை போடத் தெரிந்துவிட்டது. வேலையைப் பார்க்காமலே "அரை மணி நேரத்துல முடிச்சுடலாம்" என்கிறவரை உள்ளே விடமாட்டார். "இந்த வேலை தெரியுமா?" என்று கேட்கமாட்டார், தெரியாது என்று எவன் சொல்வான்? "கடைசியா எங்க செஞ்சீங்க? அந்த வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?" என்பார். பையைத் திறக்கும் முன் மெயின் வால்வு எங்கே, மெயின் சுவிட்ச் எங்கே என்று கேட்கிறவர்தான் அவருக்கு ஆள். குடியிருப்பில் யோசனைக்கு சார், ஆளுக்கு அக்கா என்று ஆகியிருக்க வேண்டும். ஆனால் அக்கா வெளியே தெரியக் கூடாதே! மற்ற வீட்டுக்காரர்களுக்கு ஆட்களின் நம்பர்களெல்லாம் என் போன் வழியாகத்தான் போகும். எல்லாரும் என்னைப் பெரிய விஷயஞானி என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு சாமானில் மட்டும் அக்கா யாரையும் கை வைக்க விட்டதில்லை. சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் சார் அடித்த பலகை. ஒரு பக்கம் இறங்கியிருக்கும். வைக்கிற டப்பா எல்லாம் இடது பக்கமாக நழுவி வந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். கீழே ஒரு துணியை மடித்துப் போட்டுச் சமாளிப்பார். "கார்பெண்டர் இதோ என் வீட்டுலதான் இருக்கார், கையோட அதையும் நேராக்கிடலாமே" என்று நானே சொல்லியிருக்கிறேன். "அது இருக்கட்டும்" என்று பேச்சை மாற்றிவிடுவார். விழாத பலகைக்கு எதற்குச் செலவு என்று நினைக்கிறாராக்கும் என்று விட்டுவிட்டேன்.

வினை சுவிட்ச்சில் வந்தது. ஹாலில் ஒரு சுவிட்ச் போர்டை சார் புதிதாக மாற்றினார். மறுநாள் வழக்கம்போல எலக்ட்ரீஷியன் வந்து திறந்து பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். அக்காவையும் என்னையும் கூப்பிட்டு உள்ளே காட்டினார். ஷாக் அடிக்காமல் காக்கிற எர்த் வயரைத் துண்டித்து, நுனியை மடக்கி ஓரமாகத் திணித்து வைத்திருந்தார் சார். இரண்டு வயர் போதும், மூன்றாவது எதற்கு என்று நினைத்துவிட்டார் போல.

"அக்கா, குழாய்னா தண்ணி ஒழுகும், தொடைச்சுக்கலாம். கரண்ட்ல தப்பு பண்ணினா அப்புறம் என்னைக் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்ல. சாரை இதுல கை வைக்க விடாதீங்க."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அதற்குச் சில நாட்களிலேயே மகளிடமிருந்து போன் வந்தது. மகளும் மருமகனும் நகரத்தின் அந்தக் கோடியில் பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடிபோயிருந்தார்கள். குளியலறையில் தண்ணீர் ஹீட்டர் மாட்ட வேண்டும், புது வயரும் இழுக்க வேண்டும். "ஆளெல்லாம் வேணாம்மா. அப்பாவே வரட்டும். அப்பா வேலை செஞ்சா திரும்பிப் பாக்கவே வேணாம்" என்றாளாம் மகள். சார் அன்றைக்கே ஹீட்டர் மாட்டும் வீடியோ பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

அக்கா என் வீட்டுக்கு வந்து, தையல் மெஷின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். மகள் பேசியதை அப்படியே சொன்னார்.

"பொண்ணுகிட்ட சொல்லிடுங்கக்கா. அவளே ஏதாவது சாக்கு சொல்லி ஆள் வெச்சுக்கட்டும்" என்றேன்.

"அவ அப்பாவைப் பத்தி என்ன நினைக்கிறாளோ அது அப்படியே இருக்கட்டும்மா. அவகிட்ட சொல்லமாட்டேன்."

"அப்ப சாருக்குத் தெரியாம எலக்ட்ரீஷியனை அங்க அனுப்பலாமா?"

"மாட்டின அன்னிக்கே அவ தண்ணியைத் திறந்துட்டா? நான் இங்க உக்காந்து வாக்கிங் நேரம் பாத்துட்டிருக்க முடியுமா?" அக்கா எழுந்துகொண்டார். "இந்தப் பொய்யை வளத்து விட்டவ நான்தான். நானேதான் சொல்லணும். நீ கூட இரு, தனியா சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் எனக்கென்ன வேலை என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா கேட்கவில்லை. அவர்கள் வீட்டு ஹால் திரைச்சீலைக்கு அளவு எடுக்கிற சாக்கில் டேப்பும் கையுமாகப் போய் ஜன்னலோரம் நின்றேன். சார் மேஜை மேல் கருவிகளைப் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். சந்தோஷமாக இருந்தார், அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"என்னங்க, பொண்ணு வீட்டு ஹீட்டருக்கு ஆள் வெச்சுடலாம்."

"எதுக்கு? இந்த வீட்டுல ஒரு ஆள் நுழைஞ்சிருக்கானா இத்தனை வருஷத்துல?"

"நுழைஞ்சிருக்காங்க" என்றார் அக்கா. "நீங்க வாக்கிங் போன பிறகு."

சார் திருப்புளியைக் கீழே வைத்தார். அக்கா எல்லாவற்றையும் சொன்னார். முதல் குழாயிலிருந்து சுவிட்ச் போர்டு வரை, எர்த் வயர் உட்பட. நான் ஜன்னலை மறுபடி மறுபடி அளந்துகொண்டிருந்தேன். ஓர் அளவும் மனதில் நிற்கவில்லை.

"இத்தனை வருஷமா என்னை வெச்சு வேடிக்கை பாத்தீங்களா?" அவர் என்னையும் சேர்த்துத்தான் கேட்டார்.

"வேடிக்கை பாக்கலைங்க. நீங்க பேசணும்னு பாத்தேன். அந்தக் குழாய்க்கு முன்னாடி இந்த வீட்டுல உங்க குரலே கேட்டதில்ல. ஒரு சொட்டுத் தண்ணியை நிறுத்தினதுக்கு நீங்க எவ்வளவு பேசினீங்க தெரியுமா? அதை நான் எப்படி இல்லைன்னு சொல்லுவேன்?"

சார் எழுந்தார். குளியலறைக்குப் போய் ஷவரைத் தொட்டார். "இது?" அக்கா பின்னாலேயே போய், "ஆள்தான்" என்றார். படுக்கையறைக் கதவின் தாழ்ப்பாள். "இது?" "ஆள்தாங்க." கழுவு தொட்டி, பால்கனி விளக்கு, ஹால் சுவிட்ச். கேட்கக் கேட்க அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.  போதும் சார் என்று சொல்ல வாய் வரை வந்தது.

கடைசியில் சமையலறைப் பலகை. அதில் கையை வைத்தவர், கேட்கவில்லை. 

"அது நீங்க போட்டதுதான். அதை யாரையும் தொட விடல" என்றார் அக்கா.

சார் குனிந்து பார்த்தார். "கோணலா இருக்கே."

"ஆமா."

"நீ சொல்லவே இல்லையே."

"சொன்னா சரி பண்ண ஆரம்பிச்சுடுவீங்களே!"

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். சார் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "அந்த எலக்ட்ரீஷியன் நம்பர் உங்க போன்லதானே இருக்கு? குடுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டில் எலக்ட்ரீஷியன் வேலை செய்ய, சார் பக்கத்தில் நின்று பார்த்தார். எர்த் வயர் எங்கே போகிறது என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். மகள் சாயங்காலமே அக்காவுக்குப் போன் பண்ணினாள். "ஏன்ம்மா அப்பா ஆள் வெச்சார்? கேட்டா கை நடுங்குதுங்கறார். உடம்புக்கு ஏதாவதா?" அக்கா என்னவோ சொல்லிச் சமாளித்தார். சாருக்குக் கை நடுக்கம் கிடையாது. அவரும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அதற்கப்புறம் அவர் மறுபடி பால்கனியில் போய் உட்கார்ந்துவிடுவாரோ என்று அக்காவைவிட நான்தான் பயந்தேன். இரண்டொரு நாள் உட்காரவும் செய்தார். பிறகு ஒருநாள் காலையில் என் வாசலில் வந்து நின்றார். கையில் அளவு டேப்.

"அவ கடைக்குப் போயிருக்கா. உங்க கார்பெண்டரைக் கொஞ்சம் கூப்பிடுங்க. அவ வரதுக்குள்ள அந்தப் பலகையை நேராக்கிடணும். வெளியே பாக்க நான் செஞ்ச மாதிரியே இருக்கணும், சொல்லிடுங்க. டப்பாவெல்லாம் நழுவுது பாவம், எத்தனை வருஷமா சமாளிச்சிருக்கா."

போனைக் கையில் எடுத்துவிட்டேன். நம்பரையும் எடுத்துவிட்டேன். அப்புறம் மேஜை மேல் வைத்துவிட்டேன்.

"வேணாம் சார். அந்த வீட்டுல அக்கா ஆள் வைக்காத வேலை அது ஒண்ணுதான்."

 சார் டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அக்கா எந்தப் பக்கக் கடைக்குப் போயிருப்பார் என்று என்னிடம் கேட்டுவிட்டு, பை தூக்க ஆள் வேண்டுமே என்று படியிறங்கிப் போனார்.