குங்குமம் வைத்த கிடுக்கி

இடுப்பில் ஆபரேஷன் ஆன பிறகு நான் குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாவி விழுந்தாலும் சீப்பு விழுந்தாலும் கணவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

ஓசூரில் மருத்துவச் சாமான்கள் விற்கும் கடைக்குப் போனோம். கைப்பிடியை அழுத்தினால் நுனி கவ்விப் பிடிக்கும் நீளக் கிடுக்கிகள் இருந்தன. ஃபேக்டரியில் ஃபிட்டரான என் கணவர் இருப்பதிலேயே நீளமானதை எடுத்தார்.

“நீளமா இருந்தாத்தாம்மா எல்லாம் எட்டும்” என்றார்.

சாவியைத் தரையில் போட்டு எடுத்துப் பார்த்தேன். மணிக்கட்டு ஆடியது, சாவி நழுவியது. குட்டையான, லேசான ஒன்று உடனே கவ்வியது.

“பரண்ல இருக்கறத நீங்க எடுங்க. கீழ கெடக்கறத நான் எடுத்துக்கறேன்” என்றேன்.

ஆயுத பூஜை வந்தது. மேசைமேல் சாமி படத்தின் முன்னால் கணவர் தம் ஸ்பேனர்களை அடுக்கினார். பக்கத்தில் என் கிடுக்கியை வைத்தேன். சிரிக்காமல் அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். கற்பூரம் ஏற்றும் நேரத்தில் அவர் கையிலிருந்து தீப்பெட்டி தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தார்.

“நில்லுங்க!”

குங்குமம் காயாத கிடுக்கியால் தீப்பெட்டியை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“நீயே ஏத்து.”

ஏற்றினேன். சுடரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது சாமியைவிட என்னைத்தான் அதிகம் நினைத்தேன். சாமி கோபித்திருக்காது.