கைப்பிடி இடது பக்கம்

நுவரெலியா மெயின் ரோட்டில் மூன்று மாடியில் நிற்கிற இரும்புக்கடை நான் கட்டியது. லிந்துலைப் பக்கம், அம்மா பிறந்த தோட்டத்துக்கு ஏறுகிற வழியில் ஒரு பாலம் இருக்கிறது. அதற்குக் கம்பியும் சீமெந்தும் கொடுத்ததோடு நில்லாமல் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று கட்டியதும் நான்தான். மூன்று லொறி ஓடுகிறது. மகன் எஞ்சினியர், மகள் டாக்டர். நான் மூன்றாம் வகுப்பு. கடன் கேட்டுப் போன நாளில் என்னை வாசலிலேயே நிற்க வைத்த பேங்க் மேனேஜர், ரிட்டயரான பிறகு தண்ணீர்க் குழாய் வாங்க என் கடைக்கு வந்தார். நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். விலையில் ஒரு சதம் குறைக்கவில்லை.

நான் பிறந்து வளர்ந்த டவுனின் பஸ் ஸ்டாண்டில் வெள்ளைக் கல் பதித்த பொதுக் கழிப்பறை இருக்கிறதே, அதுவும் நான் கட்டிக் கொடுத்ததுதான். வசதி வந்தால் கோபுரம் கட்டுவார்கள், இவன் கக்கூஸ் கட்டுகிறான் என்று சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும். நான் செய்த வேலையை இன்னொருத்தன் தன்னுடையது என்று சொல்ல மட்டும் விட்டதில்லை. அந்தப் பாலத்தில் ஒரு அரசியல்காரர் தன் பெயரைப் பொறித்துக் கல் நட்டார். மறுநாளே ஆள் வைத்துப் பிடுங்கினேன்.

போன மாதம் அந்த டவுன் நகரசபையில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே ஒரே சண்டை. சந்தியில் பொலிஸ்காரர்கள் தோட்டத்துப் பையன்களின் த்ரீவீலை மட்டும் தினமும் நிறுத்திச் சோதனை என்று கிண்டுகிறார்களாம், மற்றவர்களின் வண்டியை விட்டுவிடுகிறார்களாம். இப்போதைய சேர்மன் என் மகள் வயதுப் பெண். மேசையில் தட்டி, "இந்த டவுன்ல முன்னால ஒரு சேர்மன் இருந்தாரு. பொலிஸையே பணிய வச்சாரு. நம்மால முடியாதா?" என்று கேட்டார். அந்தப் பழைய சேர்மனின் பெயரைப் பொலிஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற சந்துக்கு வைத்து, ஒரு கல்லும் நடப்போகிறார்கள். கல் என் செலவு. அதற்குத்தான் கூப்பிட்டது. கல் நடுகிற அன்றைக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகத்தைச் செயலாளர் வாசித்துக் காட்டினார். அதில் ஒரு வரி: 'பொலிஸுக்கு வால்பிடித்த ஒரு தொழிலாளியால் அந்தப் போராட்டம் கெட்டது.'

"ஐயாவும் நாலு வரி எழுதிக் குடுங்களேன்," என்றார் செயலாளர். நாலு வரி எனக்குப் போதாது.

அப்பா நகரசபைத் தொழிலாளி. மார்க்கட்டுக்குப் பின்னால் நகரசபை லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் காம்பரா, எங்களுடையது கடைசி. அந்தக் காலத்தில் டவுன் முழுக்க வாளிக் கக்கூஸ்தான். கக்கூஸுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கும். சந்துப் பக்கம் ஒரு தகரக் கதவு, அதைத் திறந்தால் உள்ளே தார் பூசிய வாளி. அதை இழுத்து, கொட்டி, கழுவி, அடியில் சாம்பல் தூவி, திரும்ப உள்ளே தள்ள வேண்டும். டவுன் எழும்பும்போது வேலை முடிந்திருக்க வேண்டும். செய்த ஆளும் கண்ணில் படக்கூடாது.

அப்பாவுக்கு நொட்டாங்கைப் பழக்கம். வாளியை உள்ளே தள்ளியதும் கைப்பிடியை இடது பக்கமாகச் சாய்த்து வைப்பார், மறுநாள் கையை விட்டவுடன் பிடி கிடைக்கிற மாதிரி. மற்ற எல்லாரும் வலது பக்கம். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நானும் அவரோடு போவேன். எனக்குச் சோத்தாங்கைதான். ஆனாலும் கைப்பிடியை இடது பக்கம்தான் சாய்ப்பேன். உலகத்தில் வாளி வைக்கிற முறையே அதுதான் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருசம் டவுனில் இரண்டு கடை எரிந்தது. எரிந்த இரண்டும் எங்கள் தமிழ் ஆட்களின் கடை. அதற்காகப் பொலிஸ் பிடித்துப் போன ஏழு பேரும் எங்கள் பையன்கள். நாலு பேர் தோட்டத்து லயங்களிலிருந்து, மூன்று பேர் எங்கள் லயத்திலிருந்து. அந்த மூன்று பேரில் ஒருத்தர் என் அண்ணன். பத்தொன்பது வயது, நகரசபையில் ரோட்டு வேலை. கோர்ட்டுக்கும் கொண்டு போகவில்லை, வீட்டுக்கும் விடவில்லை. அவசரகாலச் சட்டம் என்றார்கள். பதினொரு வயதில் எனக்கு, அவசரம் என்றால் சீக்கிரம் முடிந்துவிடும் போலிருந்தது.

சேர்மன் சிங்களவர், பேக்கரி முதலாளி. மூன்று நாள் ஸ்டேஷனுக்கு நடந்தார். இன்ஸ்பெக்டர் புதிதாக மாற்றலாகி வந்தவர். "டவுன் உங்களது, ஸ்டேஷன் என்னுடையது," என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். நாலாம் நாள் காலையில் சேர்மன் எங்கள் லயத்துக் குழாயடிக்கு வந்து நின்றார். வெள்ளைச் சாரம், கையில் குடை. அவருடைய தமிழ் கடையில் பழகிய தமிழ்.

"நாளைக்கு இருந்து பொலிஸ் சந்துக்கு ஒரு ஆளும் போறது இல்ல. வாளி இல்ல, குப்ப இல்ல, சாக்கடைக் கான் கழுவுறது இல்ல. பையங்கள விடுற வரைக்கும். கேட்டா சேர்மன் சொன்னதுன்னு சொல்லுங்க."

அப்பாதான் கேட்டார். அந்தச் சந்து அவருடைய பொறுப்பு.

"அவங்க வெரட்டுனா, மாத்தயா?"

"வெரட்டுனா என் வீட்டுக்கு வா. முன் வாசலால வா."

முன் வாசலால் என்றதும் லயமே சிரித்துவிட்டது. எங்களில் ஒருத்தரும் டவுனில் எந்த வீட்டுக்குள்ளும் முன் வாசலால் நுழைந்தது கிடையாது.

அன்றைக்கு அப்பா ரொட்டியைப் பிய்த்தபடி அம்மாவிடம் சொன்னார். "நம்ம வேலையில இம்புட்டு பலம் இருக்குன்னு நெனச்சிருக்கியா, புள்ள?"

"மகன் உள்ள கெடக்கான். இவருக்குப் பலமாம்," என்றாள் அம்மா. ஆனால் அவளும் இன்னொரு ரொட்டி எடுத்து வைத்தாள்.

மூன்றே நாளில் ஸ்டேஷன் நாறியது. இன்ஸ்பெக்டரின் மேசை முதலில் விறாந்தைக்கு வந்தது, பிறகு முற்றத்து மரத்தடிக்குப் போனது. மூக்கில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். சேர்மன் தினமும் அந்த வழியாகக் குடையோடு நடந்து, மூச்சை நன்றாக இழுத்து, "குட் மோர்னிங்" சொல்லிவிட்டுப் போவார். ஜீப்பை அனுப்பித் தோட்டத்திலிருந்து ஆள் கேட்டுப் பார்த்தார்கள். கொழுந்து முத்திப்போகுது, ஒரு ஆளும் மிச்சமில்லை என்று கணக்கப்பிள்ளை கையை விரித்துவிட்டார். பொலிஸ்காரர்கள் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கினார்கள். மேலே கொழுந்து எடுக்கிற பெண்கள் சத்தம் போட்டார்கள். "ஐயா, அந்தப் பக்கம் அட்டை ஜாஸ்தி! எடம் பாத்து ஒக்காருங்க!"

செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் இறங்கி வந்தார். வெள்ளிக்கிழமை ஏழு பேரையும் கோர்ட்டில் நிறுத்துகிறேன், முதலில் ஆளை அனுப்புங்கள் என்று சேர்மனுக்குச் சொல்லி விட்டார். பையன்கள் முதலில், வாளி பிறகு என்று சேர்மன் பதில் அனுப்பினார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று தெரிந்ததெல்லாம், லயத்தில் பெரியவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டது மட்டும்.

அதே செவ்வாய்க்கிழமை நான் அண்ணனின் குரலையாவது கேட்கலாம் என்று அந்தச் சந்துக்குள் போனேன். சிறைக் கூண்டின் காற்றோட்டத் துளை, கக்கூஸுக்கு அடுத்த சுவரில் இருந்தது. உள்ளே அண்ணன் வாந்தி எடுக்கிற சத்தம். நிற்கிறது, திரும்ப எடுக்கிறார். நடுவில் இருமுகிறார், அவர் இருமல் எனக்குத் தெரியாதா? மரத்தடியில் மேசை போட இன்ஸ்பெக்டருக்கு இடமிருந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு எங்கே போக இடம்?

மறுநாள் விடியற்காலை அப்பா வண்டியோடு மார்க்கட் பக்கம் போனதும், பழைய வாளி ஒன்றையும் ஒரு டின் சாம்பலையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஸ்டேஷன் கக்கூஸ் வாளி வழிந்து கிடந்தது. மூங்கில் புதருக்குப் பக்கத்துக் குழிக்கு நாலு நடை நடந்தேன். பெரிய ஆளே திணறியிருப்பான். நான் திணறவில்லை.

துளை வழியாக அண்ணன் குரல் வந்தது. "யாரது?"

"நான்தாண்ணே."

"அப்பா அனுப்புனாரா?"

"இல்ல."

"அப்ப போயிரு. வாளியத் தொடாத."

"நாறுதேண்ணே. நீ வாந்தி எடுக்கிற."

"நமக்கு இது பழகுனதுடா. அவனுங்களுக்குத்தான் பழகல. கெடக்கட்டும் விடு. வீட்டுக்குப் போடா."

அண்ணனுக்கு வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். முடித்துவிட்டுத்தான் வந்தேன். கழுவி, சாம்பல் தூவி, கைப்பிடியை இடது பக்கம் சாய்த்து, தகரக் கதவுக்குக் கொக்கி போட்டேன். சுவர் மூலையில் பல் விளக்கிக்கொண்டிருந்த சார்ஜன்ட் என்னைப் பார்த்துவிட்டார். ஓடலாமா என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "ஹொந்த கொல்லா," என்று, நல்ல பையன் என்று என் தலையில் தட்டி, தின்னச் சொல்லி அரை றாத்தல் பாண் கொடுத்தார். அண்ணனுக்குக் கொடுங்கள் என்று நான் திருப்பிக் கொடுத்தேன். சரி என்று வாங்கிக்கொண்டார். அது அண்ணனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று இன்று வரை தெரியாது.

புதன், வியாழன், வெள்ளி, மூன்று காலை செய்தேன். இரண்டாம் நாள் அண்ணன் கெஞ்சினார். மூன்றாம் நாள் பேசவே இல்லை.

வெள்ளிக்கிழமை பையன்களைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போகச் சேர்மன் ஸ்டேஷனுக்குப் போனார். இன்ஸ்பெக்டரின் மேசை பழையபடி உள்ளே இருந்ததாம். லேஞ்சி இல்லை. நாற்காலியைக் காட்டி, டீ கொண்டு வரச் சொல்லி, "எந்தப் பையன்கள்?" என்று கேட்டாராம்.

சேர்மன் உட்காரவில்லை. நேரே லயத்துக்கு வந்து, ஆட்களைக் கூட்டிக்கொண்டு சந்துக்குப் போனார். பின்னாலேயே பெண்களும் பிள்ளைகளும் போனோம். தகரக் கதவைத் திறந்தார்கள். வாளி அவ்வளவு சுத்தம். கைப்பிடி இடது பக்கம் சாய்ந்திருந்தது. அப்பாவோடு பதினைந்து வருசம் வண்டி தள்ளிய மாமா ஒருத்தர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"இது நொட்டாங்கை வேலை," என்றார்.

எல்லாரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா வாளியைப் பார்த்தார். பிறகு கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பார்த்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இப்போது சொல்லப் போகிறார், என் மகன் செஞ்சது, ஒரு பிசிறு இருக்கா பாருங்க என்று சொல்லப் போகிறார் என்று நின்றேன்.

"நான்தாங்க, மாத்தயா," என்றார் அப்பா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று நாள் நான் பட்ட பாட்டை இவர் தன்னுடையதாக்கிக்கொண்டாரே! பொய் என்று கத்த வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து அம்மாவின் கை வந்து என் வாயை இறுக்கிப் பொத்தியது. பல்லில் உதடு கிழிந்து இரத்தம் வந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"நீயா?" என்று மட்டும் கேட்டார் சேர்மன். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை விரிக்காமலே நடந்து போனார்.

வீட்டில் அம்மா என் கைகளைச் சாம்பலும் சுண்ணாம்பும் போட்டு மூன்று தரம் கழுவிவிட்டாள். அன்று மத்தியானமே ஏழு பேரையும் ஜீப்பில் ஏற்றி, மலைக்குக் கீழே ஏதோ முகாமுக்குக் கொண்டு போனார்கள். எட்டு மாதம் கழித்து ஆறு பேர் வந்தார்கள். அண்ணன் வரவில்லை.

அண்ணனைத் தேடி அப்பா ஏறாத ஆபிஸ் இல்லை. எழுத்துத் தெரியாத மனுசன், யாரையாவது பிடித்துச் சிங்களத்தில் மனு எழுதிக்கொண்டு போவார். சேர்மன் கூட வந்திருந்தால் ஒரு வேளை பதிலாவது கிடைத்திருக்கும். அப்பா அவரிடம் போகவில்லை. முன் வாசலால் வா என்று சொன்ன மனுசனின் வீட்டுக்கு எந்த வாசலாலும் போகவில்லை.

அப்பாவோடு வண்டிக்கு ஜோடி சேர அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ரிட்டயராகிற வரைக்கும் தனியாகவே தள்ளினார். குழாயடியில் அம்மா கடைசி ஆளாகத்தான் தண்ணீர் பிடிப்பாள். நான் பதினாலு வயதில் இரும்புக்கடை வேலைக்கென்று நுவரெலியாவுக்குப் போனேன். அப்பா இறந்தபோது எனக்கு இரண்டு லொறி இருந்தது. பாடையைத் தூக்கிய நாலு பேரும் என் டிரைவர்களும் கிளீனர்களும். லயத்திலிருந்து ஒரு தோள் வரவில்லை. அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் கை அப்போதும் என் வாயில்தான் இருந்தது என்று சொல்லிக்கொள்கிறேன். அது உண்மை இல்லை. அவள் போய் அப்போது இரண்டு வருசம்.

திரும்பி வந்த ஆறு பேரில் ஒருத்தர் பிறகொரு நாள் கம்பி வாங்க என் கடைக்கு வந்தார். டீ கொடுத்தேன். அவர்தான் சொன்னார். வெள்ளிக்கிழமை விட்டுருவானுங்க, அதுவரைக்கும் இந்த நாத்தந்தான் நம்ம வக்கீல், பொறுத்துக்குங்க என்று உள்ளே எல்லாரையும் தைரியப்படுத்தியது அண்ணன்தானாம். புதன்கிழமை காலையில் சந்தில் யார் சத்தம் என்று மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

"பூனைன்னு சொன்னான்," என்றார் அவர். "அடுத்த ரெண்டு நாளும் பூனைதான்னு சொன்னான்."

உள்ளே ஒருத்தர், வெளியே ஒருத்தர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலே என்னை மறைத்து வைத்திருக்கிறார்கள். நானோ, என் வேலைக்குப் பாராட்டுக் கிடைக்கவில்லை என்று அந்தச் சந்தில் அழுதுகொண்டு நின்றவன்.

ஆகவே நகரசபையாருக்குச் சொல்கிறேன். சேர்மனைப் பற்றி எழுதியது எல்லாம் சரி, அந்த மனுசனுக்குக் கல் வேண்டும். ஆனால் 'ஒரு தொழிலாளி' என்று இருக்கிற வரியை அடியுங்கள். அந்த இடத்தில் என் பெயரைப் போடுங்கள். அப்பா பெயருக்குரிய முதலெழுத்து இல்லாமல், என் பெயரை மட்டும். மூன்று காலை, பதினொரு வயதில், தனியாளாகச் செய்தேன் என்று எழுதுங்கள். அது வரைக்கும் கல்லுக்கு என்னிடமிருந்து ஒரு பிடி சீமெந்தும் வராது. நீங்களாகக் கல்லை நட்டாலும் மறுநாள் அது அங்கே நிற்காது, என்னைத் தெரியும் உங்களுக்கு.

அந்த வேலை என்னுடையது. இத்தனை வருசமாக அதை அப்பா வைத்திருக்கிறார். எனக்கே திருப்பிக் கொடுங்கள்.