இடியாத லயம்

பதுளையில் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த டியூஷன் கிளாஸில் அவர் கம்ப்யூட்டர் டீச்சர். ஒல்லியான உருவம், இறுக்கிப் பின்னிய சடை. மழை பெய்தால் மட்டும் ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து தள்ளி வைத்துக்கொள்வார்.

மதிய இடைவேளைகளில் அவர் தனியாளாக ஒரு துப்பாக்கிச் சண்டை கேம் செய்துகொண்டிருந்தார். சண்டை நடக்கும் இடம் அவர் பிறந்து வளர்ந்த லயம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள். நிஜத்தில் அது ஆட்களோடு மண்சரிவில் புதைந்துபோயிருந்தது. முதலில் நாங்கள் இருவர்தான் சிரித்துக்கொண்டே ஆடினோம். ஒரே வருடத்தில் எந்தெந்த நாடுகளிலிருந்தோ நூற்றுக்கணக்கானோர் சேர்ந்துவிட்டார்கள். அவர் தண்ணீர் பிடித்த பீலிக்கரையில் ஒளிந்து ஒருவரையொருவர் சுட்டார்கள்.

அவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான். குண்டு போட்டால் சுவர் இடிய வேண்டும். அவர் மறுத்தார். ஆட்கள் குறையத் தொடங்கினார்கள்.

“இடியுற மாதிரி செஞ்சிருங்களேன் டீச்சர், கேம்தானே” என்றேன்.

“ஒருக்கா இடிஞ்சதப் பாத்தாச்சு சார். நான் கட்டுனது இடியாது.”

பிறகு அவர் கொழும்புக்குப் போய்விட்டார். கேமில் இப்போது நாலைந்து பேர்தான். நானும் சில சமயம் போய் நிற்கிறேன். சுவரைத் தொட விடாதவர், அந்த லயத்தில் மனிதர்களைச் சுட எப்படி விட்டார் என்று யோசிப்பேன். அங்கே செத்தவர்கள் ஐந்து விநாடியில் எழுந்துவிடுகிறார்கள். அதனால்தானோ என்னவோ.