ஐந்து முறை பூக்கட்டிக் கேட்டேன்

எனக்கு எழுபத்து மூன்று வயது. வளர்த்து ஆளாக்கியது ஐந்து பிள்ளைகளை. போடி ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரித்த கையால்தான் வளர்த்தேன். யார் வாசலிலும் போய் நின்றதில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் மாரியம்மன் எனக்குச் செய்ததை நானே எழுத வேண்டும்.

கடைசி மகள் செல்விக்குப் புருஷன் இல்லை. தினமும் ஜீப்பில் மலைக்குப் போய் ஏலக்காய் எடுத்துக்கொண்டே தபால் வழியில் பட்டப்படிப்பு படித்தாள். மற்றதெல்லாம் தேறிவிட்டாள். புள்ளியியல் மட்டும் இரண்டு முறை போய்விட்டது. ஐப்பசியில் கடைசி வாய்ப்பு. தேறினால் எஸ்டேட் ஆபீசில் வேலை. தவறினால் இடுப்பு ஒடியும்வரை காய் எடுக்க வேண்டியதுதான்.

பரீட்சைக்கு மூன்று நாள் இருந்தது. நோட்டை வைத்துக்கொண்டு அவள் அழுதாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கோயிலுக்குப் போனேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டு, அங்கு நின்ற சிறுமியை ஒன்றை எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தால் காரியம் ஜெயம். வெள்ளைதான் வந்தது. வீடு வந்தும் மனம் அடங்கவில்லை. மறுபடி போனேன். மறுபடியும் போனேன். அன்று ஐந்து முறை.

செல்விக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் ஆத்தா, சாமிக்கு வேற சோலி இல்லையா? அஞ்சு தடவையா கேப்ப?"

"மூணு வெள்ளைடி. ரெண்டுதான் சிவப்பு."

"எப்பெப்ப சிவப்பு வந்துச்சு?"

"ரெண்டாவது... இல்ல, மூணாவதோ? எப்ப வந்தா என்னடி, மூணு வெள்ளைதான!"

அவள் அப்படியே என்னைப் பார்த்தாள். பிறகு நோட்டை இழுத்து வெள்ளை, சிவப்பு என்று மாற்றி மாற்றி எழுதினாள். பத்து வரி வந்தது.

"ஆத்தா, மூணு வெள்ளை பத்து விதமா வரும். ஒவ்வொரு விதத்துக்கும் முப்பத்திரண்டுல ஒண்ணுதான் வாய்ப்பு. நான் இம்புட்டு நாளும் ஒரு வரியோட நிறுத்திட்டேன். பத்தையும் சேத்தா முப்பத்திரண்டுல பத்து. புத்தகத்துல முன்னால ஒரு எண்ண வச்சுப் பெருக்கச் சொன்னது இதுக்குத்தான்!"

எனக்குப் பாதி புரியவில்லை. பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டு கணக்குப் போட்டாள். எல்லாம் புத்தகத்தின் பின்னால் இருந்த விடையோடு ஒத்துப்போனது.

தை மாதம் முடிவு வரும்வரை நான் சரியாகச் சோறு தின்னவில்லை. தேறிவிட்டாள். மாசியில் ஆபீசில் சேர்ந்தாள்.

அம்மன் முதல் பூவிலேயே சொல்லிவிட்டாள். நம்பாமல் நான்கு முறை திரும்பப் போனது என் குற்றம். அந்தக் குற்றத்தையே என் பிள்ளைக்கு வழியாக்கினாள் தாய். இப்போதெல்லாம் ஒரு முறைதான் கேட்கிறேன். கால் பரபரக்கத்தான் செய்கிறது. கையைக் கட்டி உட்கார்ந்துவிடுகிறேன். மனம் கலங்கி இருப்பவர்களே, நீங்களும் ஒரு முறை கேளுங்கள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

செல்வி மகள் தாமரை பக்கத்தில்தான் இருக்கிறாள். தாமரை, ஒருக்கா வாசிச்சுக் காட்டு ஆத்தா. எழுத்துல தப்பு இருந்தாத் திருத்து. வெக்கப்பட்டு எதையும் அடிச்சிராத.