ரவுட்டருக்குப் பெரட்டு

எனக்குக் கோபம் வந்தால் கையை ஓங்க மாட்டேன், பேனாவை எடுப்பேன். அப்போது பதுளையில் ஓர் அரச கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தேன். எழுத்தில் இல்லாத எதுவும் நடந்ததாகாது என்று நம்புகிற ஜாதி. ஹாலிஎலையில் எங்கள் வீட்டுக்கு இணையம் வந்த வருடம் தொலைபேசிக் கந்தோருக்கு நான் எழுதிய முறைப்பாடுகளைச் சேர்த்துக் கட்டினால் கொழுத்த கோப்பு ஒன்று தேறும். எல்லாவற்றுக்கும் வந்தது ஒரே பதில்தான்: உங்கள் இணைப்பில் பழுது இல்லை.

பழுது இல்லையாம்! தங்கைக்கு இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குப் புலமைப்பரிசில் கிடைக்கும் போலிருந்தது. கடைசிப் படியாக, இணையத்தில் முகம் பார்த்து ஒரு நேர்முகம். அவர்களுக்குக் காலை, நமக்குப் பின்னேரம் நான்கு மணி. அதற்கு முன் இரண்டு முறை ஒத்திகை வைத்தார்கள். இரண்டு முறையும் அவள் வாயைத் திறந்து பத்து நிமிடத்தில் இணைப்பு அறுந்தது. மூன்றாவது தடவை ஒத்திகை அல்ல, நிஜம். அதுவும் அறுந்தால் மறுபடி கேட்க மாட்டார்கள் என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள்.

“மழை வந்தா லைன் போயிருது அண்ணே” என்றாள் தங்கை.

ஐப்பசி மாதம். மத்தியானம் வரை வெயில் பல்லைக் காட்டும், மூன்றரைக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வரும். கம்பத்திலிருந்து வரும் செப்புக் கம்பி நனைந்து ஊறிவிடுகிறது, அதை மாற்றச் சோம்பல்பட்டுப் பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். இனி அத்தாட்சி வேண்டும்.

ரவுட்டருக்குள் ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஏற்றினேன். நிமிடத்துக்கு ஒரு தடவை தானாக எழும்பி, வெளியுலகத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, பதில் வந்தால் ‘உண்டு’, வராவிட்டால் ‘இல்லை’ என்று நேரம் போட்டு ஒரு வரி எழுதும். மின்சாரம் போனாலும் அழியாத இடத்தில் எழுத வைத்தேன். அதற்குப் ‘பெரட்டு’ என்று பெயர். தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, வந்தவர் யார் வராதவர் யார் என்று பார்ப்பதுதான் பெரட்டு. வேலை குறைந்தால் ‘அரைப் பேரு’, அரை நாள் சம்பளம்தான். மடுல்சீமையில் முப்பது வருடம் அந்தப் பெரட்டில் நின்று கொழுந்து பறித்தவர் என் அம்மா. ஸ்கிரிப்டின் பெயரைச் சொன்னபோது, “அதுக்கும் அரைப் பேரு போடுவியா?” என்று கேட்டுவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டார்.

ஒரு வாரத்துப் பெரட்டில் ‘இல்லை’ என்ற வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்து அச்சடித்தேன். நேர்முகத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அதைக் கொண்டுபோய்த் தொலைபேசிக் கந்தோர் மேசையில் போட்டேன். மெதுவாகப் போட்டேன் என்று சொல்ல முடியாது.

மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலர் யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். தாள்களைப் பொறுமையாகப் புரட்டினார். முகத்தில் ஒரு சிரிப்பு ஊறிக்கொண்டு வந்தது.

“தம்பி, இது ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபதாம் ஆண்டு, தை முதலாம் திகதி நடந்த பிழை. அப்ப நான் பிறக்கவே இல்லை. ஆரிட்டப் போய்க் கேக்கிறது?”

எட்டிப் பார்த்தேன். ‘இல்லை’ என்ற ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் 1970, சனவரி 1, காலை 5.31. அடுத்தது 5.32. அதற்கடுத்தது 5.33. ஏழு நாளும் அப்படித்தான். ‘இல்லை’யைத் தேடிய அவசரத்தில் திகதியைப் பார்க்கவே இல்லை. ஒரு எழுதுவினைஞன் திகதியைப் பார்க்காமல் கடிதம் கொடுத்திருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது.

“உந்தப் பெட்டிக்குள்ள சொந்தமா மணிக்கூடு ஓடாது” என்றார் அவர். “கரண்ட் நிண்டு வந்தா, தான் எழுபதாம் ஆண்டில நிக்கிறனெண்டு நினைச்சுக்கொள்ளும். லைன் வந்த பிறகுதான் நேரத்தைக் கேட்டுத் திருத்தும். உங்கட வீட்டில ஆரோ இதை நிப்பாட்டிப்போட்டுத் திரும்பப் போடுகினம்.”

“எங்க வீட்ல அப்படிப்பட்ட ஆளு யாரும் இல்லீங்க” என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து முழுப் பெரட்டையும் விரித்துப் பார்த்தேன். பின்னேரம் மூன்று நாற்பதுக்கு ‘உண்டு’. அதன்பின் ஒரு வரியும் இல்லை. அப்புறம் எழுபதாம் ஆண்டு. அப்புறம் நாலரை மணிக்கு மறுபடி ‘உண்டு’. இடையில் யாரும் வராமல் போகவில்லை. பெரட்டு எடுக்கிற ஆளே, ரவுட்டரே, அணைந்து கிடந்திருக்கிறது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். தங்கை பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பேட்டரியில் ஓடும் மடிக்கணினியோடு தனக்குத்தானே இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தாள். ஹாலிஎலை மலைக்குப் பின்னால் எங்கோ முதல் இடி உருண்டது. அடுப்படியிலிருந்து அம்மா வந்தார். சுவர்க் கண்ணாடியைத் துண்டால் மூடினார். டிவி பிளக்கைப் பிடுங்கினார். அயன்பெட்டி, ஃபிரிட்ஜ். கடைசியாக ரவுட்டர். அதன் வயரை அழகாகச் சுற்றிவைத்தார். என்னைப் பார்த்து, “டீ குடிக்கிறியா?” என்றார்.

“அண்ணே, லைன் போயிருச்சு!” என்று உள்ளேயிருந்து தங்கை கத்தினாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “ஏம்மா, ஒரு மாசமா நாங்க இதுக்குத்தானே அல்லாடுறோம்! நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“என்னைய எங்க கேட்ட? நீ டெலிபோன் கந்தோர்லதானே கேட்ட. இடி இடிச்சா பிளக்கப் புடுங்குறது ஒரு சேதியா? சோறு வடிக்கிறதயும் சொல்லிட்டுத்தான் வடிக்கணுமா?”

அவர் சொன்னதும் சரிதான். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குவது எங்கள் வீட்டில் மூச்சு விடுவது மாதிரி. யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் நான் விடவில்லை. நாளைக்குத் தங்கையின் தலைவிதியே அந்த வயரில் தொங்குகிறது, நாளைக்கு அதைத் தொடக் கூடாது என்று குரலை உயர்த்தினேன். அம்மாவும் உயர்த்தினார். “இன்டர்வியூ பெருசா, உசுரு பெருசா?” நான், “ஒங்களுக்குப் பட்டிக்காட்டுப் பயம்!” என்றேன்.

சொன்ன வாயை அப்போதே கழுவியிருக்க வேண்டும். எனக்கு இரண்டு வயதாக இருந்தபோது மடுல்சீமையில் எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இடி விழுந்தது. கூரைத் தகரத்தில் இறங்கி, எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் ரேடியோவைக் கருக்கி, அம்மாவின் இடது காதை எடுத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து அவருக்கு ஒரு காதுதான் கேட்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அம்மா உள்ளே போனார். அன்று டீ வரவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை, நான்கு மணிக்குத் தங்கை கதவைச் சாத்தினாள். நான் ரவுட்டர் மேசையருகே நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தேன். நாலு ஐந்துக்கு முதல் இடி. அம்மா வந்தார். கண்ணாடி, டிவி, அயன்பெட்டி, ஃபிரிட்ஜ். அப்புறம் என் முன்னால் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் முந்திக்கொண்டார்.

“எவ்வளவு நேரம் பேசுவா?”

“முக்கா மணி நேரம்மா.”

அம்மா வெளியே போய்த் தன் ரப்பர் செருப்பு இரண்டையும் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார். ரவுட்டரைத் தூக்கி, செருப்பு இரண்டையும் அடியில் வைத்து, அதன்மேல் உட்கார வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்து, நல்ல காதைத் தங்கையின் கதவுப் பக்கம் திருப்பி, பிளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மின்னல் வெட்டும்போதெல்லாம் அம்மாவின் வலது கை தானாகப் பிளக்கை நோக்கிப் போகும். இடது கை அதைப் பிடித்து மடிக்கு இழுக்கும். “முருகா, முருகா.” உள்ளே தங்கையின் இங்கிலீஷ் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் இடி கூரைக்கு மேலேயே வெடித்ததுபோல் விழுந்தது. நான் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்து சுவரோரம் போய் நின்றேன். அம்மா அசையவில்லை. கண்ணை மூடியிருந்தார்.

கதவு திறந்தது. “முடிஞ்சிருச்சு அண்ணே! நல்லாப் பேசுனேன்!”

அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

தங்கைக்கு இடம் கிடைத்தது. போய்ப் படித்தாள். அந்த ரவுட்டரும் பிறகு செத்துப்போனது, இடியால் அல்ல, எலி கடித்து. நான் எழுதிய முறைப்பாடுகள் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். அன்றைய பெரட்டை மட்டும் அச்சடித்து இன்னும் வைத்திருக்கிறேன். நான்கு மணியிலிருந்து நாலு நாற்பத்தாறு வரை நாற்பத்தேழு வரிகள். உண்டு, உண்டு, உண்டு. இணைப்பைப் பற்றித்தான் அப்படி எழுதியிருக்கிறது. ஆனால் நான் அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம், முக்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் அம்மாவின் பெயரைக் கூப்பிடுவதாகவே கேட்கிறது.