கன்ட்ரோலாத்தான் அடிச்சேன்

எங்கள் ஸ்ரீராம்புரத்தில் கன்ட்ரோல் என்ற சொல் இல்லாமல் ஒரு பொழுது போகாது. அப்பாவிடம் டாக்டர் கேட்பார், சுகர் கன்ட்ரோலில் இருக்கிறதா என்று. நான் தையல் மெஷின் ஓட்டும் கார்மென்ட்ஸில் சூப்பர்வைசர் கத்துவார், வாயைக் கன்ட்ரோல் பண்ணு என்று. என் தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா மேடையிலேயே சொன்னார்: "பொண்டாட்டிய கன்ட்ரோல்ல வெச்சுக்கடா." மண்டபமே சிரித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த மாப்பிள்ளை பெயின்டர். கல்யாணமான வருஷமே தங்கை முதுகில் பெல்ட் தடம் பார்த்தேன். பெரியவர்களைக் கூட்டி நியாயம் கேட்டோம். அவன் அவளுடைய முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினான்.

"மூஞ்சில ஒரு கீறல் இருக்கா பாருங்க. கன்ட்ரோலாத்தான் அடிச்சேன்."

பெரியவர்களுக்கு அது போதுமாக இருந்தது. காபி குடித்துவிட்டுப் போனார்கள். அந்தக் காபியை அவர்கள் தலையில் கொட்டாமல் விட்டேனே என்று இன்றும் வயிறு எரிகிறது.

அவள் இருந்தது பக்கத்துத் தெருவில் ஒரு லைன் வீட்டில். சுவரோடு சுவர் ஒட்டிய சின்னச் சின்ன வீடுகள், எல்லாவற்றுக்கும் நுழைவிலேயே ஒரே மீட்டர் போர்டு. அங்கே ஒரு மரியாதை உண்டு. ஒரு வீட்டில் புருஷன் பொண்டாட்டி சண்டை என்றால் மற்ற வீடுகளில் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். காது கொடுப்பது அசிங்கமாம்.

மேட்ச் நடந்த ஒரு சாயங்காலம், கருவாட்டுக் குழம்போடு அங்கே போனேன். எல்லா டிவியும் அலறிக்கொண்டிருந்தது. நடுவே அவள் குரல். கதவு உள்ளே தாழ்ப்பாள். தட்டினேன், உதைத்தேன். கால் நகம் பெயர்ந்தது. பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றேன். அந்த வீட்டுப் பெண் என் கண்ணைப் பார்க்கவில்லை.

"புருஷன் பொண்டாட்டி விஷயம்க்கா. ஆமேல, அப்புறமா சரியாயிடும்," என்று சொல்லி ரிமோட்டை அமுக்கினாள். சத்தம் இன்னும் ஏறியது.

ஓடிப்போய் மீட்டர் போர்டில் இருந்த எல்லா சுவிட்சையும் கீழே இழுத்தேன்.

லைன் முழுக்க இருட்டு. டிவிகள் செத்தன. அந்த அமைதியில் அடி கேட்டது, கம்பு சதையில் விழும் சத்தம். கரண்ட் போனதற்காக அவன் நிறுத்தவில்லை. எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். கேட்கவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்தான் முதலில் அசைந்தாள். உள்ளே போய் அம்மிக் குழவியைத் தூக்கிவந்து கதவில் மோதினாள். பிறகு ஆண்கள் தோள் கொடுத்தார்கள். தாழ்ப்பாள் பிய்ந்தது.

அவன் கையிலிருந்த பெயின்ட் ரோலர் கம்பை நான் பிடுங்கினேன். கன்ட்ரோலாக அடிக்கவில்லை. அவன் வாயிலிருந்து ரத்தமும் ஒரு பல்லும் விழுந்தன. அப்போதுதான் ஆண்களுக்கு வீரம் வந்தது. இரண்டு பேர் சேர்ந்து என்னை இழுத்துப் பிடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு இடது கையில் மாவுக்கட்டு போட்டார்கள். நான் சாத்துக்குடி ஜூஸை வாயருகே வைத்தேன். அவள் குடிக்கவில்லை.

"திடீர்னு சத்தம் எல்லாம் நின்னு இருட்டாயிடுச்சுல்ல, செத்துட்டேன்னு நெனச்சேன்க்கா. அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறம் அடுத்த அடி விழுந்துச்சு."